சபைக்கூச்சத்துக்கும் கவனக்குவிப்புக்கும் பெப்டைடு மருந்துகள்

பெப்டைடு மருந்துகள் என்பவை அமினோ அமிலங்களைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்துச் செய்யப்படும் மருந்துகள் ஆகும். புரதமும் இதே அமினோ அமிலங்களால் ஆனதுதான். சங்கிலி நீளமாக இருந்தால் புரதம் என்றும், ஏறக்குறைய ஐம்பது அமினோ அமிலங்களுக்குள் அடங்கினால் பெப்டைடு என்றும் சொல்வது வழக்கம். கறாரான எல்லைக்கோடு கிடையாது.

மேடையில் பேசும்போதும், நேர்காணலில் உட்காரும்போதும், தேர்வு எழுதும்போதும் வரும் நடுக்கத்தைக் குறைக்கவும் படிப்பில் மனம் ஒன்றவும் செலாங்க், செமாக்ஸ் என்னும் இரண்டு பெப்டைடுகள் உதவும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் பரவியிருக்கிறது. இவை மூக்கில் விடும் சொட்டாகவும், கரைத்து ஊசியில் ஏற்றும் பொடியாகவும் இணையத்தில் விற்கப்படுகின்றன. இரண்டும் ரஷ்யாவில் உருவானவை. அங்கே மருந்துக் கடையில் கிடைப்பவை. இந்தியாவில் இரண்டுமே அங்கீகாரம் பெற்ற மருந்துகள் அல்ல. இவற்றைப் பற்றி நடந்த மனித ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் ஒரே நாட்டில் நடந்தவை. அவை நோயாளிகளிடம் செய்யப்பட்டவையே தவிர, தேர்வுக்குப் பயப்படும் மாணவர்களிடம் செய்யப்பட்டவை அல்ல. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த பெப்டைடுகள்

பெயர்தான் புதிது, பொருள் பழையது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. 1921-ல் கனடாவின் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்த பிரெடரிக் சாங்கருக்கு 1958-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவ வலி தூண்டுவதற்கும், பிள்ளை பிறந்தபின் இரத்தப்போக்கை நிறுத்துவதற்கும் அரசு மருத்துவமனைகளில் பயன்படும் ஆக்சிடோசின் 9 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்துகாட்டினார். 1955-ல் நோபல் பெற்றார்.

அதே ஆக்சிடோசினை மாட்டுக்காரர்கள் வேறு பெயரில் அறிவார்கள். கன்று இல்லாத மாட்டுக்குப் பால் இறங்கப் போடும் ஊசி அதுதான். இந்தத் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு ஆக்சிடோசின் தயாரிப்பதற்குத் தடை விதித்தது. தாய்மார்களின் உயிர் காக்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஒரே பெப்டைடு ஓரிடத்தில் உயிர்காக்கும் மருந்தாகவும் இன்னோரிடத்தில் முறைகேடான ஊசியாகவும் இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள எடுத்துக்காட்டு இது.

ஆகவே 'பெப்டைடு' என்ற சொல் நன்மையையோ தீமையையோ குறிப்பதில்லை. எந்தப் பெப்டைடு, எதற்கு, எந்த வழியில், யார் ஆய்ந்து சொன்னது என்ற நான்கையும் கேட்டால்தான் பொருள் விளங்கும்.

பயம் உடம்பில் நடக்கும் விதம்

தலைமையாசிரியர் பெயரைக் கூப்பிட்டதும் பேச்சுப் போட்டி மேடைக்கு நடக்கும் பிள்ளையின் உடம்பில் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. ஒன்று வேகமானது. மூளையிலிருந்து நரம்புகள் வழியே செய்தி போய், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. சில நொடிகளில் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும்.

இரண்டாவது மெதுவானது, படிப்படியானது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமசு 41 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைச் சுரக்கும். சுருக்கமாகச் சி.ஆர்.எச். என்பார்கள். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டியெழுப்ப, அங்கிருந்து 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.சி.டி.எச். வரும். அது அட்ரினலுக்குப் போய்க் கார்டிசோலைச் சுரக்கச் செய்யும். உப்பளத்தில் கடல்நீரை ஒரே பாத்தியில் நிறுத்தி உப்பாக்குவதில்லை. ஒன்றில் காய்ந்து கனத்த நீரை அடுத்ததற்குத் திறந்துவிட்டு, கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளைகிறது. மரக்காணம், கூனிமேடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று படிகளை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆக, பயத்தின் செய்தியே பாதி பெப்டைடு மொழியில்தான் எழுதப்படுகிறது. அப்படியானால் அந்தப் பெப்டைடைத் தடுத்தால் பயம் நின்றுவிடாதா? மருந்து நிறுவனங்களும் இதையே நினைத்தன. சி.ஆர்.எச். ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை அடைக்கும் பல மருந்துகளைப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சோதித்தன. எலிகளிடம் நன்றாக வேலை செய்தவை மனிதரிடம் மருந்துப்போலியை வெல்ல முடியவில்லை. அவற்றில் ஒன்றான கிரினெசர்ஃபாண்ட் பிறகு அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாடு ஒன்றுக்கு 2024-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, பதற்றத்துக்கு அல்ல. உடம்பில் ஒரு பொருள் பயத்தோடு தொடர்புடையது என்பதும், அதைக் கூட்டியோ குறைத்தோ பயத்தைப் போக்கலாம் என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்பதுதான் பல விளம்பரங்களின் வழி.

இன்னொன்றும் மாணவர்கள் அறிய வேண்டும். படபடப்பு முழுக்கவும் எதிரி அல்ல. 1908-ல் யெர்க்சு, டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளிடம் செய்த சோதனையிலிருந்து ஒரு கருத்து வளர்ந்தது. தூண்டுதல் மிகக் குறைந்தால் கற்றல் மந்தம். மிக அதிகமானாலும் கெடுகிறது. கடினமான வேலைக்கு அந்த எல்லை விரைவிலேயே வந்துவிடுகிறது. தேர்வறையில் ஓரளவு படபடப்பு இருப்பவர் மந்தமாக உட்கார்ந்திருப்பவரைவிட நன்றாகவே எழுதுவார்.

செமாக்ஸ்

இதன் கதை ரஷ்யாவில் தொடங்கவில்லை, நெதர்லாந்தில் தொடங்கியது. 1960-களில் உட்ரெக்ட் நகரில் டேவிட் டி வீட் என்பவர் பிட்யூட்டரியை நீக்கிய எலிகள் பாடம் கற்கத் திணறுவதைக் கண்டார். ஏ.சி.டி.எச். கொடுத்தபோது கற்றல் மீண்டது. வியப்பு என்னவென்றால், முழு 39 கண்ணிகளும் தேவைப்படவில்லை. 4-வது முதல் 10-வது வரையிலான ஏழு கண்ணித் துண்டே போதுமானதாக இருந்தது. அந்தத் துண்டு கார்டிசோலையும் கூட்டவில்லை. கவனத்துக்கும் நினைவுக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆர்கனான் என்ற நிறுவனம் இவ்வகைத் துண்டொன்றை 'ஆர்க் 2766' என்ற பெயரில் செய்து, முதியோரிடமும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் சோதித்தது. அது கடைக்கு வரவேயில்லை.

அதே நூலைப் பிடித்துக்கொண்டு மாஸ்கோவின் மூலக்கூற்று மரபியல் நிறுவனம் 1980-களில் செமாக்ஸை உருவாக்கியது. ஏ.சி.டி.எச்-இன் 4 முதல் 7 வரையிலான நான்கு கண்ணிகளை எடுத்து, அதன் முனையில் புரோலின், கிளைசின், புரோலின் என்று மூன்று கண்ணி வால் ஒன்றைச் சேர்த்தார்கள். உடம்பிலுள்ள நொதிகள் பெப்டைடுகளை நிமிடங்களில் வெட்டிப்போடும். அந்த வால் வெட்டும் வேகத்தைக் குறைக்கிறது. ரஷ்யாவில் செமாக்ஸ் முக்கியமாகப் பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் மூக்குச் சொட்டாகப் பயன்படுகிறது. 2011-ல் அந்நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. பக்கவாத நோயாளிக்குக் கொடுப்பதிலிருந்து, நல்ல உடல்நிலையில் உள்ள பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்குக் கொடுப்பதற்குத் தாவ ஆய்வுப் பாலம் எதுவும் போடப்படவில்லை.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சர்க்கரை நோய்க்கும் எடைக்குறைப்புக்கும் பேசப்படும் செமாகுளூட்டைடும் ஒரு பெப்டைடுதான். ஆனால் செமாக்ஸுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

செலாங்க்

1970-ல் அமெரிக்காவின் டஃப்ட்சு பல்கலைக்கழகத்தில் விக்டர் நஜ்ஜார், நோய் எதிர்ப்புப் புரதத்திலிருந்து பிரியும் நான்கு கண்ணிப் பெப்டைடு ஒன்றைக் கண்டறிந்து, பல்கலைக்கழகத்தின் நினைவாக அதற்கு டஃப்ட்சின் என்று பெயரிட்டார். மாஸ்கோ ஆய்வாளர்கள் இதற்கும் அதே மூன்று கண்ணி வாலைச் சேர்த்துச் செலாங்க் ஆக்கினார்கள். 2009-ல் ரஷ்யாவில் பதற்ற நோய்க்கு அங்கீகாரம் கிடைத்தது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2008-ல் வெளியானது. பொதுப் பதற்ற நோயும் நரம்புத் தளர்ச்சியும் உள்ள 62 பேரில் ஒரு பகுதியினருக்குச் செலாங்க்கும் மற்றவர்களுக்கு மெடாசெபாம் என்ற பழைய பதற்ற மாத்திரையும் தரப்பட்டன. இரண்டு குழுவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. செலாங்க் எடுத்தவர்களிடம் சோர்வும் குறைந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதை எப்படிப் படிப்பது? பதற்றம் என்பது தானாகவே ஏறி இறங்கும். மருத்துவரைப் பார்த்துப் பேசினாலே பாதி இறங்கும். அதனால்தான் மருந்தில்லாத வெறும் சொட்டைக் கொடுத்து ஒப்பிடும் மருந்துப்போலிக் குழு தேவைப்படுகிறது. இந்த ஆய்வில் அது இல்லை. இரண்டு மருந்தும் சமம் என்று வந்தால், இரண்டும் சமமாக வேலை செய்தன என்றும் சொல்லலாம். நாட்கள் சென்றதால் இரண்டு குழுவும் தேறின என்றும் சொல்லலாம். 62 பேரை வைத்து எது சரி என்று முடிவு கட்ட முடியாது. இப்படிச் சொல்வதால் செலாங்க் பயனற்றது என்று ஆகிவிடாது. பயன் உண்டு என்று நிறுவும் அளவுக்குச் சான்று சேரவில்லை என்பதே இதன் பொருள். மாணவர்கள் இந்த வேறுபாட்டை அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள். விளம்பரம் பார்க்கும்போதும் அதை நினைவில் வைத்தால் நல்லது.

சிறிய ஆய்வு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஆக்சிடோசினே சாட்சி. அதை மூக்கில் தெளித்தால் கூச்சம் குறையும், மற்றவர்மேல் நம்பிக்கை வளரும் என்று 2000-களில் சிறு ஆய்வுகள் வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கின. 'அன்பு ஹார்மோன்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. பிறகு ஆட்டிசம் உள்ள 290 குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு 24 வாரங்கள் நடந்த அமெரிக்க ஆய்வு 2021-ல் வெளியானது. சமூகப் பழக்கத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

வாயா, மூக்கா, ஊசியா

பெப்டைடை மாத்திரையாக விழுங்கினால் பருப்பு, முட்டைப் புரதத்தைப் போலவே வயிறும் குடலும் அதைச் செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகவே போட வேண்டியிருப்பது இதனால்தான். ஊசியாகப் போட்டாலும் மூளைக்குள் நுழைவது எளிதல்ல. மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாகத் தைத்தது போல் இருக்கும். இதைக் குருதி–மூளைத் தடுப்பு என்பார்கள். பெரும்பாலான பெப்டைடுகள் அங்கேயே நின்றுவிடும். மூக்கின் மேற்பகுதி நரம்புகள் மூளையோடு நேரே இணைந்திருப்பதால் அந்தப் பக்கமாக உள்ளே போக முயல்கிறார்கள். அப்படிப் போய்ச்சேருவது விட்ட அளவில் மிகச் சிறு பங்கே. சளி பிடித்திருந்தால் அதுவும் மாறும்.

இணையத்தில் வாங்கும் பொடியில் வேறு வகைத் தொல்லைகள் உண்டு. 1963-ல் புரூஸ் மெரிஃபீல்டு கண்டுபிடித்த முறையால் பெப்டைடு செய்வது எளிதாயிற்று. அதற்காக 1984-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. எளிதானதாலேயே யார் வேண்டுமானாலும் செய்து, புட்டியில் அடைத்து, 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒட்டி விற்க முடிகிறது. அந்தச் சீட்டு விற்பவரைக் காக்கும், வாங்குபவரைக் காக்காது. உள்ளே இருப்பது சொன்ன பெப்டைடுதானா, பாதியில் அறுந்த துண்டுகள் கலந்திருக்கின்றனவா, கிருமி நச்சு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் கரைத்து ஊசி போட்டுக்கொண்டால் சீழ்க்கட்டி வரலாம். நண்பர்கள் ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். வளரும் வயதில், மூளை இன்னும் முதிராத நிலையில், இவற்றை மாதக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்று ஆய்ந்து பார்த்தவர் இல்லை.

சட்டம்

இந்தியாவில் மருந்துகள் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. புதிய மருந்தை விற்க, 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் 2023-ல் உணவு, மருந்து நிர்வாகம் செலாங்க், செமாக்ஸ், பி.பி.சி.-157 ஆகியவற்றைப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அந்த வரிசையில் பின்னர் மாற்றங்கள் வந்தன. ஆனால் மூன்றுமே அங்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளாக ஆகவில்லை. மாவட்ட, மாநில அணிகளில் விளையாடும் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: எந்த நாட்டிலும் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் இல்லாத பொருள்களை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எப்போதும் தடை செய்திருக்கிறது. பி.பி.சி.-157 அந்த வகையில் 2022 முதல் பட்டியலில் பெயரோடு உள்ளது.

வல்லாரையும் நினைவு மாத்திரையும்

படிப்புக்கு மருந்து தேடுவது நமக்குப் புதிதல்ல. வல்லாரைத் துவையல் சாப்பிடாத மாணவர் தலைமுறை தமிழ்நாட்டில் இருக்குமா என்பது ஐயமே. 1990-களில் நீர்ப்பிரமியிலிருந்து எடுத்த 'மெமரி பிளஸ்' மாத்திரை சென்னையிலிருந்து சந்தைக்கு வந்தது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் தோன்றினார். நீர்ப்பிரமியும் வல்லாரையும் வெவ்வேறு செடிகள், இரண்டையும் 'பிரமி' என்று அழைக்கும் குழப்பம் இன்றும் உண்டு. நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகளில் பல வாரம் தொடர்ந்து எடுத்தவர்களிடம் சிறு முன்னேற்றம் தெரிந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் வாங்கிச் சாப்பிட்டு மதிப்பெண் கூட்டும் அளவுக்கு எதுவும் இல்லை.

பயன் தெரிந்த வழிகள்

மேடை நடுக்கத்துக்கு மருந்தே இல்லையா என்றால், உண்டு; ஆனால் அது பெப்டைடு அல்ல. 1960-களில் ஜேம்சு பிளாக் இதய நோய்க்காக உருவாக்கிய புரோப்ரனலால், அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கிறது. அவருக்கு 1988-ல் நோபல் கிடைத்தது. இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸ்பிரனலாலை 24 நரம்பிசைக் கலைஞர்களுக்கு மருந்துப்போலியோடு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977-ல் 'லான்செட்' இதழில் வந்தது. கை நடுக்கம் குறைந்து வாசிப்பு மேம்பட்டது. 1980-களின் இறுதியில் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்கள் 2,212 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 27 விழுக்காட்டினர் இவ்வகை மாத்திரையைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். கை நடுங்காமல் இருப்பது துப்பாக்கி சுடுதலில் முறையற்ற அனுகூலம் என்பதால் அங்கே இது தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு இதனால் இரண்டு பதக்கங்களை இழந்தார்.

ஆனால் புரோப்ரனலால் நடுக்கத்தைக் குறைக்குமே தவிர மறந்த பாடத்தை நினைவூட்டாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் சுருங்கி உயிராபத்தாகலாம். இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து இது. தோழியின் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி எடுத்துக்கொள்வதற்கு உரியதல்ல.

மாணவர்களிடம் சோதித்துப் பார்த்த வழிகள் செலவில்லாதவை. 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ரமிரெசும் பைலாக்கும் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் பயத்தைத் தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயம் ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட வேண்டிய மனத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தாளில் இறக்கிவைத்தால் இடம் காலியாகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2014-ல் ஆலிசன் உட் புரூக்ஸ், பாடவும் பேசவும் போகுமுன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்ததைக் காட்டினார். படபடப்பை அடக்க முயல்வதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிது போலும்.

கவனத்துக்கு, படித்ததையே திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரத்துக்குப் பின் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் நிறுவினார்கள். தேர்வு போலவே பழகுவதால் தேர்வறையும் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. சபைக்கூச்சத்துக்கும் இதே கொள்கைதான்: முதலில் வீட்டில் ஒருவர் முன், பிறகு நான்கு நண்பர்கள் முன், பிறகு வகுப்பில், அதன்பின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில். ஒவ்வொரு படியிலும் பயம் தானாகத் தணியும்வரை நின்று பழக வேண்டும். பாதியில் இறங்கி ஓடினால் பயம் வலுக்கும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா இப்படிப் பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக ஏற நல்ல வாய்ப்பு.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கரையில் உப்பு விளைச்சல் சூடுபிடிக்கும் மாதங்களும் பொதுத் தேர்வு மாதங்களும் ஒன்றே. பெற்றோர் விடியுமுன் பாத்திக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளையும் அப்போதே விழித்துவிடும். அந்தப் பிள்ளை இரவு பதினொரு மணி வரை படித்தால் கவனம் சிதறத்தான் செய்யும். அதற்குச் சொட்டு மருந்து விடைதராது, ஒன்பது மணிக்கே படுக்கச் சொல்வதுதான் விடை.

தேர்வு நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்காமல் போவது, பள்ளிக்கே போக மறுப்பது, திடீரென மூச்சடைப்பது போல் வருவது, வாழவே பிடிக்கவில்லை என்று பேசுவது ஆகியவை வெறும் கூச்சம் அல்ல. இவற்றுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் அங்கீகாரம் பெற்ற மருந்துகளும் உண்டு. கூனிமேடு, மரக்காணம் பகுதியினர் புதுச்சேரி ஜிப்மர் அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய இலவச எண்களில் தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.